முன்பே இருந்த கட்டி

நவம்பர் 3

தினமும் எழுதி வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அல்வா என்ன தின்றாள், தூங்கினாளா, நடந்தாளா, கட்டியை நக்கினாளா, எல்லாம் தேதியோடு வேண்டுமாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றேன். மகள் மலர் போனில் ஓர் இடத்தைக் காட்டினாள். அதை அமுக்கிக்கொண்டு பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. தேதியும் அதுவே போட்டுக்கொள்கிறது.

"டாக்டர்ட்ட பேசற மாதிரி நெனச்சுப் பேசுங்கப்பா. மொத்தமா அனுப்பும்போது நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள்.

அல்வா எங்கள் வீட்டு நாய். பெட்டை. நாட்டு நாய்தான், ஐந்து வயது. நிறத்தைப் பார்த்து அந்தப் பேரை வைத்தது என் மனைவி பாக்கியம். பாக்கியம் செப்டம்பரில் இறந்துவிட்டாள். நாய்க்கு மடியில் கட்டி. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

இன்று அல்வா காலையில் ஒன்றும் தின்னவில்லை. மத்தியானம் இரண்டு வாய். சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

நவம்பர் 5

அல்வாவுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. மே மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடக் கூட்டிப் போனபோது, நாய்க்கும் இன்சூரன்ஸ் வந்திருக்கிறது என்று டாக்டரம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பாக்கியம் வீட்டுக்கு வந்ததும் போனைப் போட்டு எடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. தனக்கென்று ஒரு சேலை எடுக்கக்கூட இரண்டு பேரைத் துணைக்குக் கூப்பிடுகிறவள்.

அந்த பாலிசியை மலர் இன்று கடையில் தாளில் எடுத்து வந்தாள். இங்கிலீஷில் இருந்தது. வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். தருவோம் என்பது அரைப் பக்கம். தரமாட்டோம் என்பது நாலு பக்கம். முதல் முப்பது நாளில் வரும் நோய்க்குக் கிடையாது. தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் கிடையாது. குட்டி போடுவதற்குக் கிடையாது, பல் சுத்தம் பண்ணுவதற்குக் கிடையாது. சண்டைக்கு விட்ட நாய், கூலிக்குக் காவல் காக்கும் நாய், எதற்கும் கிடையாது.

"கூலி வாங்குத நாயி நம்மள மாதிரி போல" என்றேன். மலர் சிரிக்கவில்லை.

"இதுதான்ப்பா முக்கியம். முன்னமே இருந்த நோய்க்குக் கிடையாது."

"முன்னமேன்னா?"

"பாலிசி போடதுக்கு முன்னாடியே கட்டி இருந்திருந்தா கிடையாது. இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சிருந்தாலும் சரி, தெரிஞ்சிருக்க வேண்டியதா இருந்தாலும் சரி, சும்மா அறிகுறி மட்டும் இருந்தாலும் சரி."

"மூணும் ஒண்ணுதானட்டி?"

"நமக்கு ஒண்ணு. அவங்களுக்கு வேற வேற."

ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும். நாற்பது வருஷம் பள்ளிக்கூட ரிக்‌ஷா ஓட்டியவன். எந்தப் பிள்ளை எந்த வாசலில் ஏறும், எவனுக்குக் கடலைமிட்டாய் ஆகாது, எந்தத் தகப்பன் குடித்திருந்தால் பிள்ளையைச் சித்தி வீட்டில் இறக்க வேண்டும், ஒன்றையும் எழுதி வைத்ததில்லை. நாலு பக்கமும் இப்போது மனசில் இருக்கிறது. தருவோம் என்ற அரைப் பக்கத்தை மலர் இன்னொரு தடவை படித்தாள்.

அல்வா ராத்திரி கஞ்சியைத் தொடவில்லை.

நவம்பர் 6

குழாயில் தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன். அல்வா சரியாகத் தூங்கவில்லை.

நவம்பர் 8

சனிக்கிழமை. அல்வாவைக் குளிப்பாட்டும் நாள். கட்டி மேல் தண்ணீர் படக்கூடாது என்பதால் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

கட்டியைக் கண்டுபிடித்ததும் ஒரு சனிக்கிழமைதான். அக்டோபர் பதினெட்டு. சோப்பு போடும்போது பின்மடியில் புளியங்கொட்டை போல ஒன்று விரலில் பட்டது. அதற்கு முந்தின சனிக்கிழமை அது கிடையாது. இப்போது எலுமிச்சங்காய் அளவு இருக்கிறது. இவ்வளவு வேகமாக வளர்வது நல்லதில்லை, தள்ளிப்போடாதீர்கள் என்கிறார் டாக்டரம்மா. ஆபரேஷனுக்கு அவர் சொன்ன தொகை எங்கள் கையில் இல்லை. பாக்கியத்தின் ஆஸ்பத்திரிக் கடனே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் சரி என்று சொன்னால் மறுநாளே செய்துவிடலாம். சொல்லாவிட்டால் செய்ய முடியாது. மலர் எல்லாக் காகிதத்தையும் அனுப்பிவிட்டாள். விசாரிக்க ஆள் வருவாராம்.

பாக்கியத்தின் துணிமணியை என்ன செய்வது என்று மலர் கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

நவம்பர் 14

அல்வாவை ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். தராசில் நிறுத்தினார்கள்.

"தாத்தா, ஒண்ணுமே திங்கலன்னு சொல்றீங்க. முக்கால் கிலோ கூடியிருக்காளே?"

"தராசு சரியில்லையோ என்னமோ" என்றேன்.

டாக்டரம்மா அல்வாவைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். அதே எடைதான். மலர் என்னைப் பார்த்தாள். நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இப்போதெல்லாம் அடிக்கடி நழுவுகிறது.

நவம்பர் 17

கேஸ் சிலிண்டர் வந்தது. உருட்டி உள்ளே வைத்தேன். வேறொன்றும் இல்லை.

நவம்பர் 19

இன்சூரன்ஸ் ஆள் வந்தார். சோலைராஜா என்று பேர், மதுரைக்காரர். சின்ன வயசு. ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்ததும் அல்வா போய் அதற்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டியை போட்டோ எடுத்தார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். அக்டோபர் பதினெட்டு என்றேன். மே மாதம் பாலிசிக்காக டாக்டரம்மா கொடுத்த சர்டிபிகேட்டில் உடம்பில் கட்டி எதுவும் இல்லை என்று இருக்கிறது, அதனால் சிக்கல் ஒன்றும் வராது என்றார். மலருக்கு முகம் தெளிந்தது. டீ போட எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கிருபாவதி வந்தாள். பாக்கியத்தோடு கோயில் பாடகர் குழுவில் இருந்தவள். என்னை அண்ணாச்சி என்பாள். வந்தவர் யாரென்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நல்லா எழுதிக்கிடுங்க தம்பி. இந்த நாயி இத்தனை நாளு உசுரோட இருக்குன்னா அது ஜெபத்தால. எங்க பாக்கியக்கா எங்க வீட்டு ஜெபக்கூட்டத்துல எந்திச்சு நின்னு, 'எங்க அல்வாவுக்கு மார்ல ஒரு கட்டி இருக்கு, எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க'ன்னு அழுதா. முப்பது பேரு முழங்கால் போட்டோம். அதான் இத்தனை மாசம் வளராமக் கெடந்திருக்கு."

சோலைராஜா பேனாவை எடுத்தார். "எப்பம்மா இது?"

"ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்ல. மார்ச்சு மாசம்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? நாயிக்காவ இப்படி அழுதாளேன்னு போதகரம்மாகூட அன்னைக்குக் கேட்டாவ."

மலர் டீயோடு வாசலில் நின்றாள். சோலைராஜா எழுதி முடித்து, கிருபாவதியின் பேரையும் வாங்கிக்கொண்டார். பாலிசி மே மாதம். கட்டி மார்ச் மாதம். அவர் என்னைப் பார்த்தபோது நான் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

நவம்பர் 20

மலரும் கிருபாவதியும் தெருவில் நின்று சண்டை போட்டார்கள்.

"ஏன் அத்த, சும்மா இருக்க முடியாதா ஒங்களுக்கு?"

"ஆண்டவர் செஞ்சதச் சொன்னேன். சாட்சி சொல்லுதது தப்பாட்டி?"

"சாட்சிய கோயில்ல சொல்லுங்க. இன்சூரன்ஸ்காரன்ட்டயா சொல்லுவீய?"

"அவனுக்கு மட்டும் ரட்சிப்பு வேண்டாமாக்கும்!"

கேட்டுக்கொண்டிருந்த காய்கறி வண்டிக்காரர் சிரித்துவிட்டார். மலர் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரு திரும்ப வருவாராம்ப்பா. மார்ச்சுல நடந்தது எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, வயசாயிட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அத்தைதான் ஒளறுதாவன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

"எனக்கு ஞாபகமில்லன்னு சொன்னா தெரு பூரா சிரிக்கும்ட்டி."

"சிரிச்சா சிரிக்கட்டும். இவ செத்துருவாப்பா."

அல்வா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 22

சனிக்கிழமை. துடைத்துவிட்டேன்.

அந்த ஜெபக்கூட்டம் மார்ச் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. நான் உள்ளே போகவில்லை. கிருபாவதி வீட்டு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் பாட்டு. பிறகு வசனம். பிறகு யார் யாருக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, கொழுந்தனுக்குக் குடி. யாரும் பெரும்பாலும் தனக்கென்று கேட்பதில்லை. பாக்கியம் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் அல்வாவுக்காகக் கேட்டதும் அழுததும் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை. குளிப்பாட்டும்போது மடி முழுக்கத் தடவிப் பார்த்தேன். காலிடுக்கு, கழுத்து, எல்லா இடமும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"எங்கட்டி கட்டி?" என்று கேட்டேன்.

பாக்கியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அமுங்கிட்டு போல" என்றாள்.

நான் சோப்பைக் கழுவி எடுத்து வைத்தேன்.

ஆகஸ்டில் பெரிய ஆஸ்பத்திரியில், இது வெகுநாளாக இருந்திருக்கிறது, எப்போதிருந்து தெரியும் என்று டாக்டர் கேட்டார். பாக்கியம், போன வாரம்தான் பார்த்தேன் என்றாள்.

இதெல்லாம் நடந்தது நடந்தபடி. மேற்கொண்டு ஒன்றும் இல்லை. அல்வா இன்று முழுக்க ஒன்றும் தின்னவில்லை.

நவம்பர் 25

சோலைராஜா வந்தார். இந்தத் தடவை ஹெல்மெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஐயா, ஆபீஸ்ல கிளைமை மூடச் சொல்லிட்டாங்க. டாக்டர் சர்டிபிகேட்டையே சந்தேகப்படுறாங்க. நேர்ல ஒரு தடவை கேட்டுட்டு மூடுறேன்னு நான்தான் வந்தேன். பாலிசி எடுத்தப்ப அம்மா பேசினது பதிவாகி இருக்கு. அவங்களே கட்டியைப் பத்திக் கேக்கறாங்க. நீங்களே கேட்டுக்கங்க."

போனை எடுத்து மேசையில் வைத்தார்.

பாக்கியம் பேசினாள்.

"நாயிக்குக் கட்டி வந்தா பாப்பீயளாம்மா?"

"பாலிசி எடுத்த பிறகு வந்தா பாப்போம்மா. முன்னாடியே இருந்தா முடியாது." இது யாரோ ஒரு பெண் குரல்.

"முன்னாடியே இருக்குன்னு தெரிஞ்சா ஒண்ணுமே கிடையாதோ?"

"கிடையாதும்மா. உங்க நாய்க்குக் கட்டி ஏதாவது இருக்கா?"

பதிவில் எங்கள் வீட்டு மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு பாக்கியம் சொன்னாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. அவ நல்லா இருக்கா."

"சரிம்மா, பேரு சொல்லுங்க."

"அல்வா. ஏம்மா, மனுசருக்கும் இதே மாதிரிதானா?"

"நாங்க வளர்ப்புப் பிராணிக்கு மட்டும்தான் பண்றோம்மா."

"சரி. அப்ப அவளுக்காவது போட்டிருங்க."

அவ்வளவுதான். சோலைராஜா போனை எடுக்கப் போனார்.

"இன்னொரு தடவை போடுங்க தம்பி" என்றேன்.

போட்டார். அல்வா எழுந்து மேசைக்குக் கீழே போய் மேலே பார்த்தாள். அடுக்களை வாசலில் மலர் நின்றிருந்தாள். கையில் மாவு இருந்தது. ஞாபகமில்லை என்று சொல்லச் சொல்லி அவள் கண்ணைக் காட்டவில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, மார்ச்சுல நாயிக்குக் கட்டி இல்ல."

"அந்தம்மா முப்பது பேரு ஜெபிச்சோம்ங்கறாங்களே ஐயா."

"ஜெபிச்சாவ. நானும் கேட்டேன். மறுநாள் நான்தான் குளிப்பாட்டினேன், தடவிப் பாத்தேன். நாயி ஒடம்புல ஒண்ணும் கிடையாது. மே மாசம் டாக்டரம்மா பாத்தாவ, அப்பவும் கிடையாது. அவிய குடுத்த சர்டிபிகேட்டு பொய் இல்ல."

"அப்ப எந்தக் கட்டிக்கு ஜெபம் பண்ணச் சொன்னாங்க?"

"அது எம் பொண்டாட்டிக்கு இருந்த கட்டி."

சோலைராஜா ஹெல்மெட்டின் பட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"தனக்குன்னு கேக்க மாட்டா. நாயி பேருல கேட்டிருக்கா. ஆகஸ்டுலதான் எங்களுக்குத் தெரியும். செப்டம்பர்ல போயிட்டா. ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கு, ரொம்ப நாளா இருந்த கட்டின்னு போட்டிருக்கும், பாத்துக்கிடுங்க."

இதை எழுதிக் கொடுத்தால் ஆபீஸில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல மலர் எழுதினாள். ஜெபக்கூட்டம் நடந்த நாள், நான் குளிப்பாட்டிய நாள், எல்லாம் சொன்னேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டாள்.

"அம்மான்னு எழுதவா, மனைவின்னு எழுதவா?"

"நான்தான சொல்லுதேன். மனைவின்னு எழுது."

எழுதினாள். என் பெருவிரல் ரேகையைப் பதித்தேன். சோலைராஜா காகிதங்களை போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "வரேன்ம்மா" என்று மலரிடம் சொன்னார்.

அவர் போனபிறகு கேட்டாள்.

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது."

"அன்னைக்கு நாயி மேல கட்டி இல்லன்னு பாத்தீயளே. அப்பவும் தெரியலியா?"

"தெரியல."

"மார்ச்சுல நான் பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டு இருந்தேன். அதான் சொல்லாம விட்டிருக்கா." இடது கையிலிருந்த மாவு காய்ந்து வெடித்திருந்தது. "அந்தப் பரீட்சைல நான் பாஸ்கூட ஆகல."

தோசை சுட்டாள். அல்வா தின்னவில்லை.

நவம்பர் 27

கிருபாவதி வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள். மலர் சொல்லியிருக்கிறாள்.

"நாங்க நாயின்னு நெனச்சுல்லா ஜெபிச்சோம் அண்ணாச்சி. ரெண்டு பேரு சிரிக்கக்கூட செஞ்சோம்."

"நீங்க என்ன செய்வீய."

"பக்கத்துலதான் நின்னா. கையத்தான் பிடிச்சிருந்தேன்."

மலர் அவளுக்குக் காப்பி கொடுத்தாள். போகும்போது கிருபாவதி பாக்கியத்தின் பாட்டுப் புத்தகத்தைக் கேட்டாள். மலர் எடுத்துக் கொடுத்தாள்.

டிசம்பர் 1

கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. மலர் கடையிலிருந்தே போன் போட்டுப் படித்துக் காட்டினாள். முன்பே இருந்த நோய் அல்ல என்று ஏற்றுக்கொண்டார்களாம். ஆபரேஷன் செலவைத் தருகிறார்கள். மருந்துச் செலவில் கொஞ்சம் நாம் போட வேண்டும். சோலைராஜா தனியாகவும் பேசினாராம். சந்தோஷமா என்று மலர் கேட்டாள். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 3

ஆபரேஷன் முடிந்தது. கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பரவியதாகத் தெரியவில்லை, நல்ல நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டரம்மா. அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாருக்கும் இதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

மயக்கம் தெளியும்போது அல்வா என் கையை நக்கினாள். வெகுநேரம் நக்கினாள்.

டிசம்பர் 4

நான் இதுவரை பேசியதையெல்லாம் மொத்தமாக அனுப்பச் சொல்லி டாக்டரம்மா கேட்டிருக்கிறார். மலர் கடைக் கம்ப்யூட்டரில் எடுத்து முதலிலிருந்து படித்திருக்கிறாள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"தராசு சரியாத்தான் இருந்திச்சு அப்பா" என்றாள்.

நான் அல்வாவின் கழுத்தில் டாக்டரம்மா மாட்டிவிட்ட பிளாஸ்டிக் வளையத்தைச் சரிசெய்தேன்.

"அவ தட்டு தினமும் காலியாத்தான் கெடந்துது. நான்தான கழுவுதேன். ஒங்க தட்டையும் நான்தான கழுவுதேன்."

நான் வேட்டியை இறுக்கிக் கட்டினேன்.

"வேட்டி நிக்கல ஒங்க இடுப்புல. நானும் இத்தனை நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேக்கல." என் கையிலிருந்து போனை வாங்கினாள், மறுபடி என் கையிலேயே கொடுத்தாள். "ஒரு ஆளு நாயி பேருல சொன்னது போதும்ப்பா. ஒங்களுக்குன்னா ஒங்க பேருல சொல்லுங்க. நாளைலருந்து நான் தினமும் படிப்பேன்."

பிறகு சோறு போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். எழுந்து போகவில்லை.

டிசம்பர் 5

அல்வா காலையில் ஒரு தட்டுச் சோறும் முட்டையும் தின்றாள். தையல் சுத்தமாக இருக்கிறது. கிருபாவதியைக் கண்டதும் வாலை ஆட்டினாள். நன்றாகத் தூங்கினாள்.

தூங்காதது நான். மத்தியானம் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. இது நான்தான், மலர்.